ஒன்பது பேருக்கு ஒரே நைனா

கிருமாம்பாக்கம் பக்கத்துல நான் படிச்ச காலேஜ் ஹாஸ்டல்ல ஒன்பது பசங்களுக்கு ஒரே அப்பா. அந்த அப்பாவுக்கு வயசு இருபது. எங்களோட பி.காம் கடைசி வருஷம் படிச்சிக்கிட்டிருந்தான். நைனான்னுதான் கூப்பிடுவோம். நிஜப் பேரு அட்டெண்டன்ஸ் எடுக்கிறவங்களுக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

சங்கதி இதுதான். சனிக்கிழமை பாண்டிக்குப் போய் பீச்சுல காத்து வாங்கணும்னாகூட, வார்டன் வூட்டுக்குப் போன் போட்டு, அப்பா "சரி, அனுப்புங்க"ன்னு சொன்னாத்தான் அவுட்பாஸ். ஓட்டு போடற வயசு வந்தாச்சு, பஸ் ஏற அப்பா உத்தரவு வேணுமாம்! அதனால ஆளுக்கொரு பழைய பட்டன் போனும் சிம்மும் வாங்கி நைனாகிட்ட குடுத்தோம். அந்த நம்பரையே அப்பா நம்பர்னு ஹாஸ்டல் பாரத்துல எழுதிட்டோம்.

ஒன்பது போன்லயும் பிளாஸ்திரி ஒட்டிப் பேரை எழுதி, ஒரு ஜோல்னாப் பையில போட்டுத் தோள்லயே மாட்டியிருப்பான். பைக்குள்ள மணி அடிச்சா பேரைப் பார்ப்பான், தொண்டையைச் செருமுவான், அவ்ளோதான்! கரியமாணிக்கத்துல கரும்பு போடற அப்பாவா பேசணும்னா, "கொல்லையில தண்ணி பாயுது சார், சட்டுனு சொல்லுங்க." என் அப்பாவுக்கு வில்லியனூர்ல மளிகைக்கடை. அவர்னா நடுவுல "துவரம்பருப்பு ரெண்டு கிலோ போடுப்பா"ன்னு இல்லாத ஆளுக்கு ஒரு அதட்டல்.

தொல்லை என்னன்னா, பய வேஷத்தை நிஜம்னே நம்பிட்டான். ஒரு தடவை எனக்கு அவுட்பாஸ் குடுக்கலாமான்னு வார்டன் கேட்டா, "பரீட்சை வருது சார், வெளிய வுடாதீங்க"ன்னுட்டான்.

"டேய், நீ இன்னா எனக்கு அப்பனா?"ன்னு சட்டையைப் பிடிச்சேன்.

"பாரத்துல நீதானடா எழுதிக் குடுத்த? போய் படி"ன்னான்.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், கடலூர்ல சரக்கு எடுத்துட்டுத் திரும்பின என் அப்பா, சொல்லாம கொள்ளாம எங்க மெஸ்ஸுக்குள்ள வந்து நின்னாரு. வார்டன் மரியாதையா எழுந்து, "வாங்க, முதுகுவலி பரவால்லியா? போன்ல சொன்னீங்களே"ன்னாரு.

"எனக்கு இன்னா சார் முதுகுவலி? நான் எப்ப உங்ககிட்ட பேசினேன்?"

வார்டன் ரிஜிஸ்டரைக் கொண்டாரச் சொல்லி என் அப்பா நம்பரைப் போட்டாரு. பத்தடி தள்ளி, முதுகைக் காட்டிக்கிட்டு, அன்னிக்குப் பரிமாறுற முறைன்னு பசங்களுக்கு சாம்பார் ஊத்திக்கிட்டிருந்த நைனாவோட பைக்குள்ள மணி அடிச்சுது. வாளியைக் கீழ வெச்சான். பேரைப் பார்த்தான். செருமினான். "வணக்கம் சார், கடையில ஆள் நிக்குது, சொல்லுங்க." மெஸ்ஸே அவன் பக்கம் திரும்பிச்சு. திரும்பிப் பார்த்தவன், பையை அப்படியே சாம்பார் வாளிக்குள்ள முக்கிட்டான்! வெளிய எடுத்தப்ப எந்தப் போனுக்கும் உசுரு இல்ல, எந்தப் பேரும் படிக்கிற மாதிரி இல்ல. எட்டு பேர் தப்பிச்சாங்க. கையில இருந்த என் போன் மட்டும் மாட்டிக்கிச்சு.

"இவன் நம்பரை நீயா எழுதிக் குடுத்த?" வார்டன் என்னைக் கேட்டாரு. அப்பா கண் கொட்டாம என்னையே பார்த்துக்கிட்டிருந்தாரு.

"எனக்குத் தெரியாது சார். அவனே மாத்தி எழுதிட்டான் போல."

நைனா என்னைப் பார்த்தான். "ஆமா சார், நான்தான் மாத்தினேன்"னான்.

அன்னிக்கே நைனாவை ஹாஸ்டலை விட்டு அனுப்பிட்டாங்க. சாயங்காலம் சுத்துக்கேணியிலேருந்து அவனோட நிஜ அப்பா வந்தாரு. ஒன்பது அப்பாவா வாய் கிழியப் பேசினவனைப் பெத்தவருக்கு, "சரிங்க"ன்றதுக்கு மேல ஒரு வார்த்தை வரல. பெட்டியைத் தூக்கிக்கிட்டாரு. இனிமே பையன் தினம் விடியக்காலையில கிளம்பி பஸ் மாறி மாறி வரணும். லேட்டா வந்தா முதல் பீரியட் போச்சு, அட்டெண்டன்ஸ் கொறைஞ்சா பரீட்சையும் போச்சு. கடைசியில அப்படித்தான் ஆச்சு, அவனுக்கு ஒரு வருஷம் போச்சு.

அன்னிக்கு பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னாடியே போனேன். மன்னிச்சுக்கடான்னு சொல்ல வாய் வரல. இன்னிக்கு வரைக்கும் சொல்லல. நெனைச்சா வெக்கமா இருக்கு.

பஸ் வந்துச்சு. படியில ஏறின நைனா என் பக்கம் குனிஞ்சு, "உங்கப்பா செம கோவத்துல இருக்காரு, ரெண்டு வாரம் வூட்டுப் பக்கம் போவாதடா. மத்தியானம் நீ ஒண்ணுமே சாப்புடல, போய் சாப்புடு"ன்னான்.

பய என்னைவிட நாலு மாசம் சின்னவன்.