ஆயர் ஈத்தாமுக்குப் போன வாயில்லாப் பூச்சி

நேத்து பொங்கல் பானை வாங்க ஆயர் ஈத்தாம் கடைத்தெருவுக்குப் போனேன். வேலை அவ்வளவுதான்.

ஆனா கூடவே எனக்கு ஒரு வீட்டுப்பாடமும் இருந்துச்சு. ஃபேக்டரியில லைன் லீடர் வேலைக்கு போன வருஷம் இன்டர்வியூ போய்க் கிடைக்காம வந்தவ நான். அடுத்த வாரம் மறுபடியும் இன்டர்வியூ. இந்தத் தடவையும் விட்டுடக் கூடாது! எல்லாம் என் அமைதியான குணத்தாலதான்னு நினைச்சு, ஆன்லைன்ல ஒரு தன்னம்பிக்கை வகுப்புல சேர்ந்தேன்.

டீச்சர் சொன்னாங்க, "உங்களைப் பத்தி உங்க மனசுல ஒரு படம் இருக்குல்ல? அதைச் சுருக்கமா எழுதுங்க."

எழுதினேன்: வாயில்லாப் பூச்சி.

"சரி, இந்த வாரம் யார்கிட்டயாவது தைரியமா ஒண்ணு கேட்டு வாங்குங்க. அந்தப் படம் தானா மாறும்."

பானைக்கு விலை குறைச்சுக் கேட்கலாம்னு முடிவு பண்ணேன்.

வழியில சிவப்பு விளக்கு. கார் கண்ணாடியைப் பார்த்து ஒத்திகை பார்த்தேன். "நான் யாருக்கும் பயப்பட மாட்டேன்! என்ன, தெரியுதா?"

பக்கத்துல மோட்டார் சைக்கிள்ல இருந்த மலாய்க்காரர் திடுக்கிட்டு, "சோரி காக், சோரி!"ன்னு என்னை அக்கான்னு கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு வண்டியைப் பின்னால தள்ளிக்கிட்டாரு. ஜன்னல் திறந்திருந்தது அப்பதான் தெரிஞ்சுது.

பானைக் கடைக்குள்ள நுழைஞ்சேன். கடை முதலாளி, அந்தச் சீன தவுக்கே, என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னாரு. நான் மூச்சை இழுத்து வாயைத் திறக்கிறதுக்குள்ள, "அம்மா, உங்களுக்குப் பாதி விலைலா. பாதிதான்!"

அட! நான் இன்னும் பேசவே இல்லையே!

"இல்ல தவுக்கே, முழு விலையைச் சொல்லுங்க. நான் கேட்டுத்தான் குறைக்கணும்."

"அலமாக்! வேணாம்லா அம்மா. போன வருஷம் நீங்க கேட்டு எனக்கு ரெண்டு நாள் காது வலி."

"நானா? நான் எங்கயாச்சும் கத்தியிருக்கேனா?"ன்னு மேசையில ஒரு தட்டு தட்டினேன். ஓரத்துல இருந்த பானை உருண்டு கீழ விழுந்து சுக்குநூறாப் போச்சு.

அதுக்கும் சேர்த்துக் காசை நீட்டினேன். வாங்கவே மாட்டேன்னுட்டாரு. "பரவால்ல, பரவால்ல"ன்னு வேற பானையைப் பேப்பர்ல சுத்திக் குடுத்து, கார் வரைக்கும் வந்து கதவையும் அவரே சாத்தினாரு.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரர்கிட்ட பொரிஞ்சு தள்ளினேன். "ஏங்க, நீங்களே சொல்லுங்க. நான் அமைதியான ஆளுதானே?"

மனுஷன் தேத்தண்ணியைக் கீழ வச்சாரு. வாசக் கதவு திறந்திருக்கான்னு ஒரு பார்வை பார்த்துக்கிட்டாரு. "போன வருஷம் இன்டர்வியூல மேனேஜர் என்ன கேட்டாரு?"

"உங்களைப் பத்திச் சொல்லுங்கன்னாரு."

"அப்புறம்?"

யோசிச்சுப் பார்த்தேன். அப்புறம் அவரு எதுவுமே கேக்கல. முக்கால் மணி நேரம் நான்தான் பேசினேன், நான் எவ்வளவு அமைதியான ஆளுன்னு!

வெக்கமாப் போச்சுங்க. நடந்ததையெல்லாம் டீச்சருக்கு வாய்ஸ் மெசேஜ்ல கொட்டித் தீர்த்தேன். இருபது நிமிஷம்தான்.

உடனே வீட்டுப்பாடத்தை மாத்திட்டாங்க. இன்டர்வியூ வரைக்கும் தினமும் ஒரு மணி நேரம் நான் வாயைத் திறக்கவே கூடாதாம்.

அதனாலதான் இதை எழுதிக்கிட்டிருக்கேன்.