வடக்கு ஏரிக்கு அப்பால் ஒரு எக்ஸ்பான்ஷன்

கனவு காண்கிறவன் கம்பெனி பஸ்ஸில் வாயைத் திறக்கக் கூடாது. எல்லோரும் தூங்குகிறார்கள் என்று நம்பிப் பேசுவான். பாதிப் பேர் கண்ணை மட்டும்தான் மூடியிருப்பார்கள்.

அப்போது நான் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ட்ரெய்னி. வேலை நிரந்தரமாவதும் ஊருக்கு மூட்டை கட்டுவதும் மேலிடத்தின் கையில் இருந்த காலம். சேரப்பணஞ்சேரியில் தயாளன் என்பவர் வீட்டு மாடியில் நானும் உடன் வேலை பார்த்த எசக்கியும் வாடகைக்கு இருந்தோம். இருவரும் தெற்கத்தி ஆட்கள். உடம்புதான் அங்கே இருந்தது. மனசு ‘ஏழேரி’யில் குடியிருந்தது.

ஏழேரி என்பது ஓர் ஆன்லைன் விளையாட்டு. ஏழு ஏரிகள் கொண்ட மாய ராஜ்ஜியம். உலகம் முழுக்க உள்ளவர்கள் அதற்குள் வாளும் மந்திரமுமாகத் திரிவார்கள். (அதன் இங்கிலீஷ் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை.) வார விடுமுறையில் படப்பை பிரவுசிங் சென்டருக்குப் போய் உட்கார்ந்தால், கடைக்காரர் ஃபேனை அணைக்கும்வரை எழுந்திருக்க மாட்டோம்.

கதை ஓரிடத்தில் நின்றுபோயிருந்தது. வடக்கு ஏரிக்கு அப்பால் பனிமாளிகையில் ஒரு ராணி தூங்குகிறாள். அடுத்து என்ன? புது நிலம், புது ஆட்கள், புதுக் கதை என்று விளையாட்டைப் பெரிதாக்குவதற்கு ‘எக்ஸ்பான்ஷன்’ என்று பெயர். அது வரப்போகிறது என்று ஒரு துளி முன்னோட்டப் படத்தை மட்டும் விட்டுவிட்டு, நடத்துகிறவர்கள் மௌனமாகிவிட்டார்கள். ரசிகர்களுக்கு அது போதாதா? ராணி விழிப்பாள் என்று ஒரு கட்சி. அவள் ராணியே இல்லை, சூனியக்காரி என்று இன்னொரு கட்சி. இணையத்தில் அடிதடி. நானும் டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு என் கருத்தை எழுதினேன். பிரேசில்காரர் ஒருவர் அதை ஆமோதித்தார். மறுநாள் முழுக்கப் பிரஸ் மெஷின் அடிக்கும் சத்தம்கூட எனக்குக் கைதட்டலாகக் கேட்டது.

அதிகாலைப் பேருந்தில் ஒரகடம் பக்கம் போயிருக்கிறீர்களா? எங்கள் தொழிற்சாலைக்கு வடக்கேயும் ஓர் ஏரி உண்டு. அதன் மேல் பனி நிற்கும். பக்கத்துக் கார் கம்பெனி யார்டில் வரிசையாக நிற்கும் புது வண்டிகள் உறங்கும் மிருகங்களைப் போலத் தெரியும். சோடியம் விளக்குகள் தரையைத் தொடாமல் மிதக்கும். எனக்கு அந்த இடமும் ராணியின் தேசமும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

அப்படி ஒரு விடியலில்தான் எசக்கியிடம் சொன்னேன்.

“எக்ஸ்பான்ஷன் உறுதிலே. வடக்கு ஏரிக்கு அந்தப் பக்கந்தான் தொறக்கான்.”

“எப்படிச் சொல்லுத?”

“மேப்புல அந்த எடத்தை மட்டும் வெறுமனே விட்டுருக்காம்லா. சும்மாவா விடுவான்?”

“பழைய ஆளுங்க கதி?”

“பாதிப் பேரு காலி. உள்ளுக்குள்ள இருந்து ஒருத்தன் காட்டிக் குடுக்கான், பாத்துக்கோ.”

முன் இருக்கையில் ஒரு தலை லேசாக நிமிர்ந்தது. நான் ஜன்னல் வழியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரகடத்தில் எக்ஸ்பான்ஷன் என்றால் ஒரே பொருள்தான்: கம்பெனி விரிவாக்கம். யார் நிலம் போகும், யார் வேலை போகும் என்பது அதன் உட்பொருள். இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எனக்கு மட்டும் உறைக்கவில்லை.

சில நாட்களில் ஏரிக்கரை டீக்கடையில் புரோக்கர்களின் பைக்குகள் நிற்க ஆரம்பித்தன. கேன்டீனில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் சாப்பிடாமல் குசுகுசுவென்று பேசினார்கள். “வடக்கு ஏரிப் பக்கம் எக்ஸ்பான்ஷனாமே!” என்று டீ மாஸ்டரே சொன்னபோது எனக்குப் புல்லரித்தது. ‘அட, இவரும் ஏழேரி ஆடுகிறாரா!’ (சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.)

அன்று மாலை தயாளன் மாடிக்கு வந்தார். ஏரிக்கு வடக்கே அவருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அதை விற்று மகளை நர்சிங் படிப்பில் சேர்க்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

“இன்னா தம்பி, ஏரிக்கு வடக்கால எக்ஸ்பான்ஷன் வருதுன்னு ஊரே பேசிகினு கீது. நெஜமா?”

எசக்கிதான் இவருக்கும் கதை சொல்லியிருக்கிறான் என்று நினைத்து உருகிப்போனேன். “நெஜந்தாண்ணே. அந்தப் பக்கம் மண்ணெல்லாம் தங்கம்!”

தயாளன் என் தோளைத் தட்டிவிட்டு இறங்கிப் போனார். விலை ஏறும் என்று நம்பி, அடுத்த நாள் நிலம் வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அதற்கடுத்த நாள் என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள்.

பிளான்ட் மேனேஜர் கதவைச் சாத்தினார். “எக்ஸ்பான்ஷன் விஷயம் மேல நாலஞ்சு பேருக்குத்தான் தெரியும். ஒனக்கு யார் சொன்னா? உள்ளேருந்து காட்டிக் குடுக்கறது யாரு?”

அப்போதுதான் உறைத்தது. நான் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பனியும் ஒரே நொடியில் கலைந்தது.

“சார், அது... ஒரு ராணி சார்.”

“எந்த ராணி? எந்த டிபார்ட்மெண்ட்?”

விளையாட்டைக் காட்டலாம் என்றால் கம்பெனி கம்ப்யூட்டரில் அந்தத் தளத்துக்குத் தடை. வேறு வழியில்லாமல் நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு, பாதுகாப்பு ஷூவோடு மல்லாந்து படுத்து, ராணி எப்படித் தூங்குகிறாள் என்று நடித்துக் காட்டினேன். கைகளை மார்பில் கட்டிக்கொண்டேன். “அவ முழிக்கப் போறான்னு சொல்ல என்ன ஆதாரம்?” என்று மேலிருந்து குரல் வந்தது.

“முன்னோட்டத்துல கண்ணு எமை அசஞ்சுது சார். இப்படி.” அசைத்தும் காட்டினேன்.

ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். மேனேஜர் கன்னத்தில் கை வைத்து யோசித்துக்கொண்டிருந்தார்.

“காத்துலகூட அசையலாமே?” என்றார்.

வேலை தப்பியது. ஆனால் மானம் தப்பவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் மைக்கைக் கொடுத்து, வதந்தியை என் வாயாலேயே மறுக்கச் சொன்னார்கள். ஏழு ஏரிகளையும் பனிமாளிகையையும் சொல்லி, “யாருக்கும் வேலை போவாது, அது வெறும் வெளையாட்டு” என்று முடித்தேன். முதலில் ஒரு பெருமூச்சு. பிறகு தட்டுகள் அதிரச் சிரிப்பு.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். பஸ்ஸில் நிமிர்ந்த அதே தலை. ஒயரிங் லைனில் வேலை பார்க்கும் ஈஸ்வரி, கம்பத்துக்காரி. என் பேச்சை ஊரெல்லாம் பரப்பிய புண்ணியவதி. மன்னிப்புக் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

“அதெல்லாம் சரி, அந்த ராணி முழிச்சாளா இல்லையா?”

தயாளன் ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் எசக்கியும் நிலம் வாங்க வந்தவரைத் தேடிப் பிடித்து, காலில் விழாத குறையாகக் கெஞ்சித் திரும்ப அழைத்து வந்தோம். மகள் நர்சிங் சேர்ந்தாள். “ஒன் ராணியாண்ட சொல்லு, இனிமே என் கொல்லைப் பக்கம் வரக் கூடாதுன்னு” என்றார் தயாளன். கம்பெனி பிற்பாடு நிஜமாகவே விரிந்தது, தெற்குப் பக்கம்.

ஏழேரியின் எக்ஸ்பான்ஷன் வரவே இல்லை. ஒருநாள் நடத்துகிறவர்கள் எல்லாவற்றையும் இழுத்து மூடிவிட்டார்கள். ராணி விழித்தாளா என்பது யாருக்கும் தெரியாமலே போனது. அதைக் கேட்டவளுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று கம்பெனி பஸ்ஸில் தினமும் ஒரு முடிவைக் கற்பனை செய்து சொன்னேன். முடிவுகள் தீர்வதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது.

இப்போதும் நான் எதையாவது அடித்துச் சொன்னால், “காத்துலகூட அசையலாமே?” என்பாள் ஈஸ்வரி. எங்கள் வீட்டில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. போன வாரம் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகியும் எங்கள் மகள் போர்வைக்குள் கிடந்தாள். குனிந்து பார்த்துவிட்டு, “முழிச்சிட்டா, எமை அசையுது” என்றேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: “காத்துப்பா.”