லோயர் மாமி

டைப்ரைட்டிங் லோயர் பரீட்சையில் லோயர் மாமியைப் போலச் சந்தோஷமாகத் தோற்றவர் திருச்சி ஜில்லாவில் யாரும் இல்லை. இனிமேல் பிறக்கப் போவதும் இல்லை. ரிசல்ட் வந்த அன்று ஃபெயிலானவர்கள் எல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, மாமி மட்டும் தெரு முழுக்க ரவா லாடு கொடுப்பார்.

அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை.

ஐம்பதுகளின் கடைசி. மாமியின் பெண் கல்யாணி, பத்மா, சரோஜா, நான் என்று நால்வர் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு டைப் கற்றுக்கொண்டிருந்தோம். இன்ஸ்டிடியூட் காவிரிக்கு அந்தப் பக்கம், தெப்பக்குளத்தருகே. வயசுப் பெண்கள் தனியாகப் பாலம் தாண்டுவதாவது! மாமி துணைக்கு வந்ததால்தான் எங்கள் அம்மாக்கள் விட்டார்கள். தினமும் நாலு மணி பஸ். நாங்கள் தட்டி முடிக்கும் வரை மாமி பெஞ்சில் உட்கார்ந்து பூத் தொடுப்பார்.

எனக்கோ அது வாழ்வா சாவா விஷயம். பாஸானால் வேலைக்குப் போகலாம். இல்லையென்றால் ஜீயபுரத்தில் அத்தை மகன் வாழைத்தோப்போடு காத்திருந்தார். நல்லவர்தான், வாழையைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசமாட்டார்.

முதல் பரீட்சையிலேயே கல்யாணி பாஸ். நாங்கள் மூவரும் ஃபெயில். பெண் பாஸான பிறகு மாமி எதற்குப் பாலம் தாண்ட வேண்டும்? என் அம்மா அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"மாமி வந்தா போ. இல்லேன்னா பேசாம வீட்ல இரு. அத்தைக்கு லெட்டர் போட்டுடறேன்."

மறுநாள் நாலு மணிக்கு மாமி பஸ் ஸ்டாப்பில் நின்றார். நேராக மாஸ்டரிடம் போய், "எனக்கும் ஒரு மெஷின் குடுங்கோ. லோயர் எழுதப் போறேன்" என்றார்.

மாஸ்டரின் மூக்குக்கண்ணாடி நழுவியது. "மாமி, இங்கிலீஷ் தெரியுங்களா?"

"ஏபிசிடி தெரியும். போறாதா?"

போதும் என்று தெரிந்தது. அர்த்தம் புரியாததால் மாமிக்குக் கவனமே சிதறவில்லை. பார்த்த எழுத்தைத் தட்டினார். ஒரு தப்புக் கிடையாது. பஸ்ஸில் முன் சீட்டுக்காரியின் முதுகில் ஏ, எஸ், டி, எஃப் தட்டிப் பழகி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

"யாருடி இந்த டியர் சார்? எல்லா லெட்டரும் இவனுக்கே போறது! ஒண்ணுக்காவது பதில் போட்டானா?"

மாஸ்டர் முதற்கொண்டு சிரித்ததில் அன்று எல்லா மெஷினும் நின்றுபோயின.

ஆனால் பரீட்சையில் மட்டும் மாமி தேறவில்லை. பத்மா பாஸ், மாமி ஃபெயில், ரவா லாடு. ஆறு மாதம் கழித்து சரோஜா பாஸ், மாமி ஃபெயில், மறுபடியும் லாடு. இரண்டு தடவையும் நானும் ஃபெயில்தான். என்னுடையது உழைத்துச் சம்பாதித்த ஃபெயில்.

"இந்த வயசுல உனக்கு எதுக்குடி லோயர்?" என்று மாமா கேட்பார்.

"லோயர் பாஸ் பண்ணாம ஹையர் எழுத விடமாட்டாளேன்னா!"

மாமியின் மூன்றாவது பரீட்சை வந்தது. ஹால் வாசலில் என் கையைப் பிடித்துத் தனியே இழுத்தார்.

"உண்மையைச் சொல்லு. இந்தத் தடவை பாஸாயிடுவியோன்னோ?"

"ஆயிடுவேன் மாமி."

"அப்பாடா! அப்போ இன்னிக்கு நானும் ஒழுங்கா அடிச்சுடறேன்."

இரண்டு தடவையும் எங்களுக்காக வேண்டுமென்றே தப்பாகத் தட்டியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் திகைப்பிலேயே போய் உட்கார்ந்து முதல் வரியை இரண்டு முறை அடித்தேன்.

ரிசல்ட் வந்தது. மாமி ஃபர்ஸ்ட் கிளாஸ். நான் ஃபெயில்.

மாமி லாடு பிடிக்கவில்லை. என் அம்மா அத்தைக்கு எழுத இன்லண்ட் லெட்டரே வாங்கிவிட்டாள். மறுநாள் நான் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது, நாலு மணிக்கு வாசலில் மாமியின் குரல் கேட்டது. என் அம்மாவிடம்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"ஹையருக்குச் சேர்ந்துட்டேன். தனியாப் பாலம் தாண்டப் பயமா இருக்கு. உங்க பொண்ணைத் துணைக்கு அனுப்புங்கோ."

அடுத்த தடவை பாஸானேன். வேலையும் கிடைத்தது. அதன் பிறகு முப்பது வருஷம் ஆபீஸில் 'டியர் சார்' தட்டியிருக்கிறேன். ஒரு தடவைகூட மாமியை நினைக்காமல் தட்டியதில்லை.