ஓவர் பாயின் மிக்ஸி பரீட்சை

கொடைக்கானல் குளிரைக்கூடத் தாங்கிவிடலாம், ஓவர் பாயை ஐந்து நிமிடம் தாங்க முடியாது. பஜாரில் ஸ்வெட்டர் கடை; கடைக்குள்ளேயே, ஆர்வலர்கள் லைசென்ஸ் வாங்கி ஊர்விட்டு ஊர் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோ. ரேடியோவில் ஒவ்வொரு பேச்சையும் ‘ஓவர்’ என்று முடித்துப் பழகி, வியாபாரத்திலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

“குறைக்க முடியாதும்மா, ஓவர்.”

“ஆமா பாய், ரொம்ப ஓவர்தான்” என்று டூரிஸ்ட் அம்மாக்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

எனக்கும் ஹாம் ஆசை பிடித்தது. அரசாங்கப் பரீட்சை எழுதி லைசென்ஸும் வாங்கிவிட்டேன். செட் வாங்கத்தான் வக்கில்லை. பாயின் மைக்கை ஒருமுறை பிடித்தால் போதும் என்று லைசென்ஸை நீட்டினேன். மனுஷன் அதில் என் போட்டோவை மட்டும் பார்த்தார்.

“ஓம் விதி கேட்டிருப்பாங்க, சட்டம் கேட்டிருப்பாங்க. கேக்க வேண்டியதக் கேக்கலையே! நான் வைக்கிறேன் பரீட்சை, ஓவர்.”

அவர் வீட்டம்மா மிக்ஸியை ஓட்டுவார். திரைக்குப் பின்னாலிருந்து பாய் ஒரு செய்தி சொல்வார். நான் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இதுதான் பரீட்சை.

“பேத்துப்பாறைக்கு ஜீப் அனுப்பா... கர்ர்ர்ர்...”

“சரிங்க பாய், அனுப்பிரலாம்!”

“அனுப்பாதீங்கன்னேன்! ரோடு சரிஞ்சு கெடக்கு! ஒரு ஜீப்பு ஆளையும் உருட்டிவிட்டுட்டியே தம்பி! ஃபெயில்!”

இரண்டாவது தடவை ஒரு எழுத்துகூடக் காதில் விழவில்லை. ‘கேட்டுவிட்டது’ என்பதற்கான ரேடியோ வார்த்தையைக் கம்பீரமாகச் சொன்னேன்: “ரோஜர்.” ஃபெயில். மூன்றாவது தடவையும் அதே கதி. வீட்டம்மா எட்டிப் பார்த்தார்.

“சட்னி கூழாப் போச்சு. இன்னுமா இவரு பாஸாகல?”

பாய் கத்தினார். “ஏலே, ‘கேக்கல, திரும்பச் சொல்லுங்க’ன்னு சொல்றதுக்கு என்ன கேடு? நம்மாளுக ஒண்ணுமே கேக்காம ‘சரிங்க சரிங்க’ம்பாங்க. பரீட்சையில அதத்தான் சோதிக்கணும், ஓவர்!”

இந்த ஆள் சகவாசமே வேண்டாம் என்று ஒரு மாதம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

பிறகு அந்த மழை வந்தது. மலைப்பாதை அடைபட்டுப்போனது, போன்கள் செத்துவிட்டன. பாயின் மகள் தலைப்பிரசவத்துக்குப் பழனி ஆஸ்பத்திரியில். மனசு கேட்காமல் கடைக்கு ஓடினேன்.

வீட்டம்மா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். செட்டில் பழனியில் இருக்கும் பாயின் ஹாம் நண்பர் குரல் கரகரத்தது. எனக்கு ‘ஆஸ்பத்திரி’ என்பது மட்டும் பிடிபட்டது. பாய், “சரிங்க, சரிங்க. ரோஜர்” என்றார்.

“என்ன சொல்றாக?” என்றார் வீட்டம்மா.

பாய்க்குக் காது மந்தமாகிவிட்டதா, பயத்தில் அடைத்துக்கொண்டதா, தெரியவில்லை. என்னைப் பார்த்தார்.

“கேக்கல தம்பி” என்றார். ஓவர் சொல்லவில்லை. மைக்கை எடுத்து என் கையில் வைத்தார்.

“கேக்கல. திரும்பச் சொல்லுங்க, ஓவர்” என்றேன்.

இம்முறை தெளிவாக வந்தது. பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். பாயின் காதருகே குனிந்து உரக்கச் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“கேக்கல. திரும்பச் சொல்லு” என்றார்.

கேட்டுவிட்டது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் மூன்று தடவை சொன்னேன்.