பாட்டுக்குள் கவுன்சிலர் எங்கே வருகிறார்?

மதிப்பிற்குரிய மச்சான் சக்கரபாணி அவர்களுக்கு, திருவண்ணாமலையிலிருந்து முருகையன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை ரேணுகாம்பாளும் நலம். மகள் வினோதினி நலத்துக்கும் ஒரு படி மேலே இருக்கிறாள், அதுதான் தொல்லை. போனில் சொன்னால் அவள் காதில் விழும் என்பதால் கடிதம்.

உங்கள் மருமகள் கீபோர்டு வாசிப்பது தெரியும். இப்போது ஒரு பேண்டுக்கே தலைவியாகி, ‘வரத்துக் கால்வாய்’ என்று எட்டுப் பாட்டுகளோடு ஆல்பம் போட்டிருக்கிறாள். ஜாஸ் ஃபங்க் என்று ஏதோ மேல்நாட்டு வகையாம். எட்டிலும் ஒரு வார்த்தை கிடையாது. கேட்டால் முழுக்க அரசியல் என்கிறாள். ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயை மண்ணடித்து மூடி, எங்கள் வார்டு கவுன்சிலர் குமரேசன் மண்டபம் கட்டினாரே, அந்த விஷயமாம். "வாயே திறக்காத பாட்டுல எங்கம்மா அரசியல்?" என்றேன். "நல்லா கேளுப்பா, தெரியும்" என்றாள். அன்றிலிருந்து நானும் காதில் மாட்டிக்கொண்டு தேடுகிறேன். ஆசிரமத்தில் மௌன விரதம் இருக்க வந்து நம் மாடியில் வாடகைக்குத் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர் தலையை ஆட்டுகிறார். அவருக்கு மட்டும் என்ன புரிந்ததோ!

வருகிற ஞாயிறு வெளியீட்டுக் கச்சேரி. ஊரில் வேறு இடம் கிடைக்காமல் அதே மண்டபத்தைத்தான் பிடித்திருக்கிறாள். அவர் தப்பாக நினைப்பதற்குள் நாமே போய்ச் சொல்லிவிடுவோம் என்று பழத்தட்டோடு கவுன்சிலர் வீட்டுக்குப் போனேன். "பொண்ணு ஏதோ தெரியாம பண்ணிடுச்சுங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்றேன். மனிதருக்கு விஷயமே தெரியாது மச்சான்! "என்னைப் பத்தியா? போடு, கேப்போம்" என்று ஆட்களோடு உட்கார்ந்துவிட்டார். இரண்டு பாட்டு ஓடியது. "இதுல நான் எங்கய்யா வர்றேன்?" கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையா? "அந்த பாஸ் கிட்டார் வருது பாருங்க, அங்க நீங்க லாரியில மண்ணு கொட்றீங்க. அடுத்ததுல மாடி கட்றீங்க" என்று எனக்குத் தோன்றியதையெல்லாம் விளக்கினேன். "ஜாஸ்தி வாசிக்குது உன் பொண்ணு. அந்த ரெண்டையும் எடுத்தாதான் மண்டபம்" என்று சொல்லிவிட்டார்.

நான் சொன்னால் வினோதினி கேட்க மாட்டாள். தாய்மாமன் பேச்சுக்குத்தான் அடங்குவாள். சனிக்கிழமையே வந்து கண்டித்து, அந்த இரண்டையும் எடுக்க வைக்க வேண்டும். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகளைச் சண்டை வராமல் பிரித்துக் கொடுக்கவும்.

இப்படிக்கு,
முருகையன்

பி.கு: உறையை ஒட்டப் போகும்போது ஒரு சந்தேகம். நாலாவது பாட்டு ஜோராகப் போய்ப் பாதியில் நின்று, மீதி நேரம் சத்தமே இல்லாமல் ஓடுகிறது. பதிவில் கோளாறு என்றே நினைத்திருந்தேன். அவளிடம் கேட்டேன். "அங்கதான்ப்பா கால்வாய் அடைபடுது. அதுக்கப்புறம் நம்ம அடி அண்ணாமலை நிலம்" என்றாள். அந்த ஏரியை நம்பி இருந்து, தண்ணீர் வராமல் தரிசாகப் போட்ட நிலம். இத்தனை வருடம் மழையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன், மச்சான். மறுபடி போட்டுக் கேட்டேன். மண்டபம் வேண்டாம் என்று கவுன்சிலரிடம் சொல்லிவிட்டேன். கச்சேரி நம் மொட்டை மாடியில். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வேன் பிடித்து ஆட்களோடு வாருங்கள். பாட்டு நிற்கிற இடத்தில் யாரும் கைதட்டிவிட வேண்டாம் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.