மூன்று சிவராஜும் ஒரு சித்ராவும்

ராயபுரத்தில் பனியன் கம்பெனிகளுக்கு லேபிள் பிரிண்டிங் நடத்திவந்த சிவராஜ், ரெண்டாயிரத்து நாலாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சபதம் எடுத்தார். இனிமேல் தன் மனைவி சித்ரகலா மாடிப்படி ஏறக்கூடாது.

"ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஏறி எறங்கறியே புள்ள. உன்ற முட்டி என்னத்துக்காகும்?"

கேட்டால் கண் கலங்கும். விஷயம் முட்டியில் இல்லை. மாடியில் டிசைன் வரைய ஒரு மேக் கம்ப்யூட்டர். கீழே ஆபீஸில் சித்ரகலாவின் எக்ஸ்பி. பிரிண்டிங் மெஷின் பக்கத்தில் கிழட்டு விண்டோஸ் தொண்ணூத்தெட்டு. மேலே வரைந்ததை பென் டிரைவில் எடுத்துப்போக சித்ரகலா வரும்போதெல்லாம் சிவராஜ் நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்து வைத்திருப்பார்.

"கண்ண மூடி டிசைன் யோசிக்கறேன்."

"கொறட்டை எந்தக் கலருங்க?"

இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கத்தான் நெட்வொர்க். மூன்று மெஷினையும் ஒயரால் கட்டிவிட்டால் ஃபைல் தானே இறங்கும், மனைவி ஏறமாட்டாள். பின்வாங்கக்கூடாது என்று பென் டிரைவைச் சாமளாபுரத்து மச்சானுக்கு தானம் செய்துவிட்டார்.

"கம்ப்யூட்டர் மெக்கானிக் பொன்னுச்சாமிய வரச்சொல்லட்டுங்களா?"

"எதுக்கு? ஒயரக் குத்துனா ஃபைல் ஓடி வந்துட்டுப் போகுது."

குத்தினார். ஃபைல் ஓடவில்லை. தவழக்கூட இல்லை. பாகம் பிரித்த பங்காளிகள் மாதிரி மூன்று மெஷினும் ஒன்றின் முகத்தை ஒன்று பார்க்க மறுத்தன.

பதினோரு மணிக்கு பனியன் கம்பெனி மேனேஜர் பெருமாள்சாமியின் போன்.

"சிவராஜண்ணா, யானைப் படம் போட்ட கொழந்தை பனியன் லேபிள் நாலு மணிக்கு வந்தாகோணுமுங்க. தைக்கறவங்க முப்பது பேரும் கையக் கட்டி உக்காந்திருக்காங்க. இன்னைக்குச் சரக்கு ஏறலீன்னா அடுத்த ஆர்டர் உங்களுக்கு இல்லீங்க."

யானையோ மாடியில், மேக்குக்குள். பிளாப்பியில் போட்டால் தும்பிக்கை மட்டும்தான் அடங்கும்.

சிவராஜ் ஒயரைப் பிடுங்கிக் குத்தினார். வாயால் ஊதினார். மூன்றையும் அணைத்துப் போட்டார். மாடிக்கும் கீழுக்கும் பன்னிரண்டு தடவை ஏறி இறங்கினதில் அவருடைய முட்டி பேச ஆரம்பித்தது. கையில் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை.

"கண்டுபுடிச்சுட்டேன்! எதையும் உள்ள உடாமத் தடுக்கற இந்த ஃபயர்வால் பண்ற வேலை."

"வால்ல தீ வெச்சா ஊரே எரியுமுங்க. பாத்து."

"கிண்டலா? அத அணைச்சுட்டேன். இப்ப வரும் பாரு."

வரவில்லை. மணி ஒன்றரை. சாப்பிடக் கூப்பிட்டதற்கு, "யானை எறங்காம எனக்குச் சோறு எறங்காது" என்றார். ஆனால் ரசம் வாசம் வந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

அவர் மோர் ஊற்றிக்கொள்ளும் நேரத்தில் சித்ரகலா ஒரு லேபிள் அட்டையோடு மூன்று மெஷினையும் சுற்றிவந்து, அதை இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மூணு மெஷினையும் சேக்கற குரூப்புக்கு என்ன பேரு குடுத்தீங்க?"

"என்ற பேருதான். மூணுக்கும் ஒரே பேரு குடுக்கோணும்னு போட்டிருக்குது."

"ஒரே பேருங்களா? படிங்க."

படித்தார். மேக்கில் SIVARAJ. எக்ஸ்பியில், எண் கணித ஜோசியர் சொன்னபடி SHIVARAAJ. தொண்ணூத்தெட்டில், கை அவசரத்தில் SIVRAJ.

"ஒரே ஊட்டுல மூணு சிவராஜு இருந்தா யாரு யாரத் தேடுவாங்க? ஒரு சிவராஜையே எனக்குச் சமாளிக்க முடியலீங்க."

"உனக்கெப்பிடிப் புள்ள இதெல்லாம்…"

"ரெண்டு மாசமா பிரிசில்லா டீச்சர்கிட்ட கம்ப்யூட்டர் கிளாஸ் போறனுங்க. பூ எம்பிராய்டரின்னு நீங்களா நெனைச்சுக்கிட்டீங்க. நானும் எதுக்குத் திருத்தோணும்னு உட்டுட்டேன்."

மோர் புரையேறியது.

மூன்று மெஷினிலும் குரூப் பேரை CHITRA என்று மாற்றினாள். "இந்த ஊட்டுல எழுத்து மாறாத பேரு இது ஒண்ணுதானுங்க." எந்த ஃபோல்டரை யார் திறக்கலாம் என்று இன்னும் ஏதேதோ தட்டினாள். நெட்வொர்க் படத்தை அமுக்கினாள். மூன்று மெஷினும் கல்யாண வீட்டுச் சொந்தங்கள் மாதிரி வரிசையாக வந்து நின்றன. யானை முழுசாக இறங்கியது. மூன்றே முக்காலுக்கு லேபிள் கட்டு பெருமாள்சாமியின் கையில்.

அவமானம் ஒருபக்கம் இருக்கட்டும், நினைத்தது நடந்ததே என்று சிவராஜ் தேறிக்கொண்டார். மறுநாள் மாடியில் கதவைச் சாத்தி, காலை நீட்டி, ஒரு ராஜா மாதிரி உட்கார்ந்தார். தூங்கும்முன் அடுத்த ஆர்டரைப் பார்த்துவைப்போம் என்று கீழ் மெஷினின் ஆர்டர் ஃபோல்டரை அமுக்கினார்.

திறக்கவில்லை. இங்கிலீஷில் ஒரு கட்டம் வந்தது. உங்களுக்கு அனுமதி இல்லை, அட்மினிஸ்ட்ரேட்டரைப் பாருங்கள் என்றது.

சிவராஜ் தடதடவென்று இறங்கினார். ஆபீஸ் வாசலில் நின்று உறுமினார்.

"யாரது அட்மினிஸ்ட்ரேட்டர்? என்ற கம்பெனில என்னையே உள்ள உட மாட்டீங்குது!"

சித்ரகலா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"செருப்ப வெளிய உட்டுட்டு வாங்க. என்ன வேணும்னு சொல்லுங்க, பாக்கலாம்."

சிவராஜ் செருப்பைக் கழற்றினார்.