நூறு சதவீத நோயாளி

சர்க்கரை நோயாளிகள் மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை என்று சுகாதாரத் துறை பெரிதும் வருந்தியது. வருந்திய கையோடு ஆளுக்கொரு மஞ்சள் அட்டையை அச்சடித்துக் கொடுத்தது. காலைக்கு ஒரு கட்டம், இரவுக்கு ஒரு கட்டம். மாத்திரை போட்டதும் கட்டத்தில் ஒரு சரி போட வேண்டும். அட்டை நிரம்பிவிட்டால் நோயாளி உத்தமர்.

மிதிக்கும் மிஷினில் துணி தைத்துப் பிழைக்கும் தையல்காரர் ஒரு கட்டம்கூட விட்டதில்லை. இரண்டாம் மாதம் சுகாதார நிலையத்தில் மாத்திரை தீர்ந்துபோனது.

"வெளியில வாங்கிப் போட்டுக்கவாங்க?" என்று பதிவு எழுத்தரிடம் கேட்டார்.

எழுத்தர் பதறிப்போனார். "அது துறை மாத்திரை இல்லையே! அதுக்கு அட்டையில கட்டமே கிடையாது."

"அப்போ கட்டத்தைக் காலியா விட்டுடவா?"

"மாத்திரை இல்லாதது எங்க குறை. கட்டத்தை விட்டா அது உங்க குறை. பேசாம சரி போடுங்க."

நியாயம்தானே! தையல்காரர் மூன்று மாதம் பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சரி போட்டார்.

ஒருநாள் மிஷினடியில் ரத்தத்தைப் பார்த்து மனைவி அலறினாள். உடைந்த ஊசி ஒன்று அவருடைய வலதுகால் கட்டைவிரலில் ஏறிப் பல நாளாகியிருந்தது. மரத்துப்போன காலுக்கு அது தெரியவே இல்லை. விரல் கறுத்து வீங்கியிருந்தது. அவரைச் சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

எழுத்தர் காலைப் பார்க்கவில்லை, அட்டையைப் பார்த்தார். "கடைசித் தொண்ணூறு நாளுக்கு நூற்றெண்பது சரி. ஒழுங்கா மாத்திரை போடறவங்களுக்குப் புண் வராதுன்னு சுற்றறிக்கையே இருக்கு."

"வந்திருக்குங்களே. நாத்தம் அடிக்குது பாருங்க."

"டாக்டரைப் பார்க்கணும்னா, மாத்திரை போடாத ஒழுங்கு கெட்டவன்னு எழுதிக் கொடுங்க. வெள்ளிக்கிழமை இயக்குநர் வர்றார். நூறு சதவீதம் எடுத்த ஒரே நிலையம் நம்மளுது. முதல் பதக்கம் உங்களுக்குத்தான். ஒரு விரலுக்காக அதைக் கெடுத்துக்கப் போறீங்களா?"

"பதக்கத்தையா மிஷினை மிதிக்கச் சொல்லப் போறீங்க? எழுதிக் கொடுத்துத் தொலைங்க!" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். தையல்காரர் யோசித்தார். பிறந்ததிலிருந்து அவருக்கு யாரும் எதற்கும் பதக்கம் கொடுத்ததில்லை. வெள்ளிவரை பொறுத்துக்கொண்டார்.

விழாவில் இயக்குநர் நெகிழ்ந்துபோனார். "மூன்று மாதமாக மருந்தே வழங்காமல் நூறு சதவீத ஒழுங்கு! இப்படிப்பட்ட மக்களுக்கு மருந்து எதற்கு? எனவே, இந்த நிலையத்துக்கு இனி அட்டை மட்டும் வழங்கினால் போதும் எனத் துறை முடிவு செய்துள்ளது."

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அதாவது, எழ முடிந்தவர்கள் எழுந்தார்கள். மேடையில் பதக்கத்தோடு நின்ற தையல்காரரும் தட்டினார்.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் அவருடைய பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள்.

"பாவி மனுஷா, அந்த மேடையில வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மனைவி அழுதாள்.

"எப்படிடி சொல்றது? முன்வரிசை முழுக்கச் செருப்புப் போட முடியாம, காலில் துணி சுத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. ஒருத்தரும் மூச்சு விடலை. நான் மட்டும் ஒழுங்கு கெட்டவன்னு பேர் வாங்கவா?"